ரெண்டு இஞ்ச்

விடுதி, ராசிபுரம்
10.11.2024, ஞாயிறு

சுரைக்கா அக்காவுக்கு,

நலம். நலமறிய அவல். (ஆவல்னுதான் எழுத வந்தேன். காலை டிபன் அவல். கை தானா எழுதிட்டு.)

சுரைக்கான்னு கூப்பிட்டதுக்குக் கோபப்படாதே. காரணம் இருக்கு. இங்கன லைப்ரரியில ஒரு பழைய வார இதழ் கிடந்துச்சு. 'உங்கள் உடல்வாகுக்கு ஏற்ற மணப்பெண் உடை எது?'ன்னு நாலு பக்கம். பெண்கள்ல பேரிக்கா உருவம், ஆப்பிள் உருவம், மணல்கடிகார உருவம்னு பிரிச்சு வெச்சிருக்கான். நம்ம கரிசக்காட்டுல பேரிக்காய்க்கு எங்க போக? அதனால நானே திருத்தி எழுதிட்டேன். சுரைக்கா, தக்காளி, உடுக்கை, முருங்கைக்கா. மேல சின்னது, கீழ பெருசு, நீ சுரைக்கா. எனக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நான் முருங்கைக்கா. நம்ம வீட்ல ஒரு சாம்பாருக்கு ஆள் இருக்கு.

தீபாவளி லீவுல மாப்பிள்ளை வீட்ல வந்தாவ, உன்னைப் பார்த்தாவ, பூ வெச்சாவ, வைகாசி இருபத்திரண்டுன்னு நாளும் குறிச்சாவ. நான் பை தூக்கிட்டு இங்கன வந்துட்டேன். இந்தக் கல்யாணத்துக்கு டிரெஸ் மந்திரி நான்தான். என்னைக் கேக்காம ஒரு ஊக்கு கூட வாங்கக் கூடாது. கோயிலூர்ல காயில் கட்டுற அத்தானுக்கும் இதைச் சொல்லிரு. (கழுகுமலைக் கோயில் பக்கத்துல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வெச்சிருக்கிறவருக்கு இதை விட நல்ல பட்டம் கிடைக்காது.)

அப்புறம் ஒரு ரகசியம். கிளம்புற அன்னைக்கு வீட்ல ஒரு வெடிகுண்டு வெச்சிட்டு வந்திருக்கேன். சத்தம் வராது, புகை வராது. கண்டுபிடி பார்ப்போம்.

இங்கன போன் கிடையாது, தெரியும்ல. மாசம் ஒரு தடவை ஆபீஸ் போன்ல மூணு நிமிஷம். அதுல அப்பா "படி"ம்பாவ, நான் "சரி"ம்பேன், முடிஞ்சிரும். அதனால நீ கடிதம் போடணும். வாரதையும் போறதையும் வார்டன் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் விடுவாங்க. அவங்க பேரு பத்திரகாளி. நான் வெச்சதில்ல, அவங்க அப்பா வெச்சது. (வணக்கம் மேடம். பத்திரமா திரும்ப ஒட்டிருங்க.)

இப்படிக்கு,
எப்போதும் வென்றாள்


எப்போதும்வென்றான்
19.11.2024

அன்புள்ள மாரிக்கு,

இங்கன அப்பா, அம்மா, நான், ஆடு பதினொண்ணு, எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. சளி விட்டுச்சா? தலைக்குக் குளிச்சா ஈரத்தோட படுக்காதே.

வெடிகுண்டைத் தேடிப் பார்த்தேன். உப்பு டப்பால உப்புதான் இருக்கு. அம்மா செருப்புக்குள்ள ரப்பர் பல்லி இல்ல. சும்மா பீலா விடுதே.

மழை பெய்ஞ்சு கரிசல் ஒட்டுது. பஸ் ஏறுறதுக்குள்ள ஒவ்வொரு காலும் ரெண்டு கிலோ ஆயிருது. ஆனாலும் ஒரு நாள் கூட லீவு போடல. கோவில்பட்டியில கடலை மிட்டாய் கம்பெனியில இப்ப சீசன்.

உங்க டிரெஸ் மந்திரி பதவிக்கு ஆபத்து வந்துட்டு. உன் அத்தானோட அக்கா மாரிசெல்வி மதினி போன் போட்டாவ. மறுவீட்டு வரவேற்புக்கு அவிய லெகங்கா எடுத்துத் தாராவளாம். அளவு ஜாக்கெட் குடுத்து விடட்டுமான்னு கேட்டேன். "ஜாக்கெட்டுக்குத்தான் அளவு ஜாக்கெட். லெகங்காவுக்கு இடுப்பு அளவு வேணும், டேப் பிடிச்சு அனுப்பு"ன்னாவ. டெய்லர் கடையில போயி நிக்க எனக்கு வெக்கம். கதவைச் சாத்திக்கிட்டு, பீரோல கிடக்குற மஞ்சள் டேப்பை எடுத்து நானே பிடிச்சேன். மூணு தடவை பிடிச்சேன்.

முப்பத்தெட்டு.

எனக்கே நம்ப முடியல. பாவாடை நாடா பழைய முடிச்சுலதான் நிக்குது. ஆனா டேப் பொய் சொல்லுமா? மதினி பார்த்து வெச்ச லெகங்கா முப்பத்தாறுக்கு மேல கிடையாதாம். "போட்டோல அப்படித் தெரியலையே"ன்னாவ. பிறகு, "சரி, ஆறு மாசம் கெடக்கே, குறைச்சிரலாம்"னு சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.

நல்லா படி.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி


விடுதி
24.11.2024, ஞாயிறு

முப்பத்தெட்டு இஞ்ச் முழுநிலவுக்கு,

நான் நலம். ஆனா வயிறு வலி. சிரிச்சு. உன் கடிதத்தை ஸ்டடி ஹால்ல வெச்சுப் படிச்சு, முப்பத்தெட்டுங்கிற இடத்துல நான் போட்ட சத்தத்துக்கு அரை மணி நேரம் வெளியில நிறுத்திட்டாங்க. வெளியில நின்னும் சிரிச்சேன்.

அய்யோ அக்கா. டேப் பொய் சொல்லுமான்னு கேட்டிருக்கே பாரு, அந்த வரியை நான் வெட்டி வெச்சிருக்கேன். பொங்கலுக்கு வாரேன்ல, அன்னைக்கு ஒரு விஷயம் சொல்லுதேன். எழுத்துல சொன்னா பாதி ருசி போயிரும். உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே சொல்லணும்.

அது வரைக்கும் டிரெஸ் மந்திரியின் உத்தரவு: சுரைக்காய்களுக்குக் கீழ அடர்த்தியான கலர், மேல வேலைப்பாடு. பார்க்கிறவன் கண்ணு தோளுக்குப் போகணும், இடுப்புல உக்காந்து இளைப்பாறக் கூடாது. மொடமொடன்னு நிக்கிற பட்டு வேண்டாம், உடம்போட விழுற பட்டு எடு. பார்டர் ஒரு சாணுக்கு இருந்தா ஆள் குட்டையாத் தெரியும், நாலு விரல் போதும். கொசுவம் சின்னச் சின்னதா வை. (இங்கன கொசுவம் வைக்க ஆள் இல்ல. கொசு மட்டும் இருக்கு.)

ரெண்டு இஞ்ச் தானே? வந்த மாதிரியே போயிரும், நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். என்னை நம்பு. நான் உன் தங்கச்சி. அதான் பயமா இருக்குங்கியா?

இப்படிக்கு,
இடுப்பே இல்லாத இளையவள்


எப்போதும்வென்றான்
15.12.2024

அன்புள்ள மாரிக்கு,

சுகம். பதில் போட நாளாயிட்டு, வையாதே. வீட்டுக்கு வந்தா அசந்து வருது.

கல்யாணப் பொண்ணு வேலையைக் கவனமா பார்க்கேன். காலையில கம்பங்கூழ் ஒரு டம்ளர். மத்தியானம் ரெண்டு வெள்ளரிக்கா. ராத்திரிக்கு ஒண்ணும் வேண்டாம்னு விட்டுட்டேன். நாள் முழுக்கக் கடலை மிட்டாய் கை வழியாத்தான் போகுது, ஒரு துண்டு வாயில போடல. உடன் வேலை பார்க்கிற இசக்கிசெல்வி, "ஏட்டி, சாமிக்கு நேர்ந்துருக்கியா, சம்பந்திக்கு நேர்ந்துருக்கியா?"ன்னு கேக்கா.

ஞாயித்துக்கிழமை தோறும் டேப் பிடிக்கேன். மூணு வாரம் முப்பத்தெட்டுலயே நின்னு அழிச்சாட்டியம் பண்ணுச்சு. இன்னைக்கு முப்பத்தேழு. மதினிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் தூக்குற படம் ஒண்ணு அனுப்பினாவ. இன்னும் ஒரு இஞ்ச்.

உன் அத்தான் நேத்து பேசினாவ. அவிய ஆட்டைப் பத்தித்தான் கேப்பாவ. பதினொரு ஆட்டுக்கும் பேரு தெரிஞ்சு வெச்சிருக்காவ, மாரி. கடைசியா வைக்கப் போகும்போது, "அக்கா சொல்லுறதை எல்லாம் ரொம்ப எடுத்துக்காதே, நான் உன்னைத்தான பார்த்தேன், அளவையா பார்த்தேன்?"ன்னாவ. "செவலை குட்டி போட்டுருச்சு"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

அவிய அப்படிச் சொன்னதுனாலதான் எனக்குக் குறைச்சுக் காட்டணும்னு இருக்கு. உனக்கு இது புரியாது. புரியுற வயசு வரும்.

அன்புடன்,
வேணி


விடுதி
22.12.2024, ஞாயிறு

என் அக்காவுக்கு,

நலம். அரைப்பரிட்சை முடிஞ்சிட்டு. பிசிக்ஸ் என்னைப் பார்த்து பயந்துச்சு. நானும் பயந்தேன். டிரா.

முப்பத்தேழா? நெசமாவா? ஒரு இஞ்ச் குறைஞ்சிட்டியா?

ஏ அக்கா, கேலி அப்புறம் பண்ணுதேன், முதல்ல சாப்பிடு. கம்பங்கூழும் வெள்ளரிக்காயும் தின்னு லெகங்கா போட வேண்டாம். அம்மா சும்மாவா இருக்காவ? சோத்துத் தட்டைத் தூக்கிட்டுப் பின்னாலேயே வருவாவளே?

நம்பரை ரொம்ப நம்பாதே. நம்பர்ங்கிறதுலயே ஒரு 'நம்ப' இருக்கு, அதுலதான் ஆளு ஏமாந்து போவா. இன்னைக்கே சொல்லிரலாமான்னு பேனாவை வெச்சேன். வேண்டாம். வார்டன் படிச்சா அப்பாவுக்குப் போன் போட்டுருவாங்க. பொங்கலுக்கு இன்னும் மூணு வாரம்தான். மூணே வாரம் பொறுத்துக்கோ, அது வரைக்கும் சோறு தின்னு. சுரைக்கா சுரைக்காயா இருந்தாத்தான் அழகு.

அத்தான் சொன்னதை நான் நாலு தடவை படிச்சேன். வார்டனும் படிச்சிருப்பாங்க போல, அந்த இடத்துல மடிப்பு கூடுதலா இருந்துச்சு.

இப்படிக்கு,
பொங்கலுக்குப் பொங்கப் போறவள்


விடுதி
19.01.2025, ஞாயிறு

அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கே? ரெண்டு கடிதம் போட்டுட்டேன், உன் பதில் வரல. பன்னெண்டாம் வகுப்புக்குப் பொங்கல் லீவு கிடையாதுன்னு கடைசி நேரத்துல சொல்லிட்டாங்க. எங்க பொங்கல் ஸ்டடி ஹால்லதான் பொங்கிச்சு. போன்ல அப்பாட்ட உன்னைக் கேட்டேன். "வேலைக்குப் போயிருக்கா"ன்னாவ. அன்னைக்கு மாட்டுப் பொங்கல். கம்பெனி லீவுன்னு எனக்குத் தெரியும்.

கோபமா இருக்கியா? வெடிகுண்டைக் கண்டுபிடிச்சுட்டியா? அதான் பேச மாட்டேங்கியா?

சரி, சொல்லிருதேன்.

கிளம்புற அன்னைக்கு மஞ்சள் டேப்போட முனையில ரெண்டு இஞ்ச் வெட்டிட்டேன். நுனியில இருக்கும்ல பித்தளைத் தகடு, அதைக் கழட்டி, வெட்டின இடத்துல மாட்டி, பல்லால கடிச்சு அமுக்கிட்டேன். யாரு பார்த்தாலும் தெரியாது. இப்ப அந்த டேப்புல ஒண்ணு கிடையாது, ரெண்டு கிடையாது. எடுத்த எடுப்புல மூணுதான். எதை அளந்தாலும் ரெண்டு இஞ்ச் கூடத்தான் காட்டும். கல்யாணப் பொண்ணு தடிச்சிட்டோம்னு ஒரு நாள் பயப்படட்டும், பிறகு சேர்ந்து சிரிப்போம்னு பண்ணினேன். மதினி அளவு கேப்பாவன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா, உன் இடுப்பு அன்னைக்கே முப்பத்தாறு. அந்த லெகங்கா அப்பவே உனக்குச் சரியா இருந்திருக்கும்.

வெட்டின துண்டு என் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கு. வை, அடி, காதைத் திருகு. ஆனா இன்னைக்கே போயி ரெண்டு தட்டு சோறு தின்னு.

(மேடம், தயவு செஞ்சு அப்பாட்ட சொல்லாதீங்க. நானே சொல்லிருதேன்.)

மாரி


02.02.2025

அன்புள்ள மாரிக்கு,

எல்லாரும் சுகம். கடிதம் வந்துச்சு. சிரிச்சேன். நல்லா சிரிச்சேன். குரங்கு, உனக்கு வேற வேலையே இல்லையா?

நீ பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. கையெழுத்து கோணலா இருக்குன்னு நினைக்காதே, பஸ்ல வெச்சு எழுதுதேன். சாப்பிடுதேன். ரெண்டு நேரம் இட்லி, மத்தியானம் சோறு, நடுவுல பால் கூட. லெகங்கா வந்துட்டு. கத்தரிப்பூ கலர். சரியா இருக்கு.

முகூர்த்தப் பட்டு இன்னும் எடுக்கல. அதுக்கு நீதான் யோசனை சொல்லணும். ஜாக்கெட் எப்படித் தைக்கன்னு படம் வரைஞ்சு அனுப்பு. டேப் கதையை யாருட்டயும் சொல்ல வேண்டாம். அப்பாட்டயும் சொல்லாதே. அது முடிஞ்சு போச்சு. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். பரிட்சையை மட்டும் பாரு.

அன்புடன்,
வேணி


விடுதி
09.02.2025, ஞாயிறு

மன்னிச்ச மகராசிக்கு,

நலமோ நலம்! உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. அன்னைக்கு மெஸ்ல ஆறு பூரி. கத்தரிப்பூவா! சுரைக்காவுக்குக் கத்தரிப்பூ. மார்க்கெட்டே கல்யாணத்துக்கு வந்துட்டு.

ஒரு சந்தேகம். தபால் முத்திரையில தூத்துக்குடின்னு இருக்கே? ஜவுளிக் கடைக்குப் போனியா? மந்திரி இல்லாமலா?

கீழ படம் வரைஞ்சிருக்கேன். பார்த்துச் சிரிக்காதே, அது ஜாக்கெட்தான், ஆமை இல்ல. சேலை அரக்கு. ஒரே கலர், நாலு விரல் பார்டர், உடம்புல கட்டம் வேண்டாம், மேலயிருந்து கீழ ஓடுற மெல்லிசு ஜரிகைக் கோடு. ஜாக்கெட்டுக்கு முழங்கை வரைக்கும் கை, விளிம்புல மட்டும் மணி வேலை. உனக்குக் கை கொழுகொழுன்னு அழகு, அதை மறைக்காம அளவா காட்டணும். கழுத்து பானை வடிவம். முதுகுல நாடா, நாடா நுனியில ரெண்டு குஞ்சம். நான் மணவறையில பின்னால நின்னுக்கிட்டு அந்தக் குஞ்சத்தைப் பிடிச்சு இழுப்பேன், நீ திரும்ப முடியாது. அதான் முக்கியம்.

எனக்கு டிரெஸ் ஒண்ணும் வேண்டாம். எனக்கு வாய் இருக்கு.

இப்படிக்கு,
மணவறைக்குப் பின்னால் நிற்கப் போகிறவள்


எப்போதும்வென்றான்
23.02.2025

அன்புள்ள மாரிக்கு,

சுகம். ஜவுளிக்குத்தான் தூத்துக்குடி போனோம்.

நீ சொன்னபடியே எடுத்தாச்சு. அரக்கு. கடையில தோள்ல போட்டுக் கண்ணாடி முன்னால நிறுத்தினாவ. உடம்போட விழுற பட்டுதான். ஜரிகைக் கோடு ஒவ்வொண்ணும் நூல் மாதிரி, நடந்தா ஓடைத் தண்ணி ஓடுற மாதிரி இருக்கு. பார்டர் நாலு விரல், நானே கையை வெச்சுப் பார்த்தேன். ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கு. முழங்கை வரைக்கும் கை. மணி வேலை மாம்பிஞ்சு கலர்ல. குஞ்சம் ரெண்டு கேட்டிருக்கேன், நீ இழுத்தா அறுந்து போகாத மாதிரி கெட்டியா. அம்மா பார்த்துட்டு, "என் கண்ணே பட்டுரும்"னாவ.

படத்தைத் தலைமாட்டுல ஒட்டி வெச்சிருக்கேன். ஆமை மாதிரிதான் இருக்கு.

தமிழ்ப் பரிட்சைக்குக் கையெழுத்தைப் பார்த்து எழுது. இனிமே நீ பதில் போட வேண்டாம், அந்த நேரத்துக்குப் படி. நானே எழுதுதேன்.

வேணி


எப்போதும்வென்றான்
24.03.2025

அன்புள்ள மாரிக்கு,

உன் கடைசிப் பரிட்சை முடிஞ்ச பிறகு கையில கிடைக்கட்டும்னு நாள் எண்ணி இதைப் போடுதேன். அடுத்த வாரம் புதன்கிழமை அப்பா கூட்டிட்டு வர வருவாவ. அதுக்கு முந்தி உனக்குத் தெரியணும். ஊருக்குள்ள கால் வெச்சதும் வேற யாராவது சொல்லக் கூடாது.

கல்யாணம் இல்ல மாரி. தை மாசமே இல்லன்னு ஆயிட்டு.

பொங்கலுக்கு அஞ்சு நாள் முந்தி கம்பெனியில விழுந்துட்டேன். தட்டு அடுக்கிக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான் தெரியும். கண்ணு முழிச்சா தூத்துக்குடி ஆஸ்பத்திரி. ரத்தம் ஆறுதான் இருக்குன்னாவ, மூணு பாட்டில் ஏத்தினாவ. இருபத்தேழு நாள் அங்கனதான் இருந்தேன். நீ பார்த்த முத்திரை அதுதான். பஸ்ல வெச்சு எழுதல. ஊசி போட்ட கையால எழுதினேன்.

உன் கடிதத்தை அப்பா பிரிக்காம கொண்டுவந்து குடுத்தாவ. படிச்சேன். சிரிச்சேன்னு எழுதினேன்ல, அது பொய். மடிச்சுத் தலையணைக்கு அடியில வெச்சேன்.

உன் கடிதம் வந்த மூணாவது நாள் மதினியும் அவியளோட அம்மாவும் வந்தாவ. மதினி என் இடுப்பைத்தான் பார்த்தாவ. "முப்பத்தெட்டுன்னு நீதான சொன்ன? எந்தக் காலத்துல நீ முப்பத்தெட்டு இருந்தே? இல்லாத சதையைக் குறைக்கேன்னு பட்டினி கிடந்துருக்கா, மனசுல என்ன கோளாறோ"ன்னாவ. அம்மா அழுதாவ.

மறுநாள் உன் அத்தான் மட்டும் வந்தாவ. கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டே, "எதுக்கு இப்படிப் பண்ணினே? ஒரு காரணம் சொல்லு போதும், எங்க வீட்ல நான் பேசிக்கிடுதேன்"னாவ. காரணம் தலையணைக்கு அடியில இருந்துச்சு. எடுத்துக் குடுத்திருக்கலாம். குடுத்திருந்தா ஊரு பூரா உன் பேராயிருக்கும். பரிட்சைக்கு ஒரு மாசம். எவளாவது உங்க ஆபீஸுக்குப் போன் போட்டு உன்ட்ட சொல்லியிருந்தா நீ பேனாவைப் பிடிச்சிருப்பியா? "நான்தான் அளவைத் தப்பா எடுத்துட்டேன்"னு சொன்னேன். "செவலையோட குட்டி எப்படி இருக்கு?"ன்னு கேட்டாவ. "நல்லாருக்கு"ன்னேன். போயிட்டாவ. அடுத்த வாரம் பூ வெச்ச அன்னைக்குக் குடுத்த சேலையைத் திருப்பி வாங்கிட்டாவ.

அரக்குச் சேலையும் இல்ல, ஜாக்கெட்டும் இல்ல. உனக்கு எழுதணும்னு எழுதினேன். அதை எழுதுற நேரத்துக்கு மட்டும் எனக்குக் கல்யாணம் இருந்துச்சு.

அவியளுக்கு ஓட்டப்பிடாரத்துல பொண்ணு பார்த்தாச்சு. அதே வைகாசி இருபத்திரண்டு. லெகங்கா அவளுக்குத்தானாம். இசக்கிசெல்வி சொன்னா, அவளுக்கு இடுப்பு முப்பத்தாறாம்.

உன் மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா அதுவும் பொய்தான். ஆனா டேப் ரெண்டு இஞ்ச்தான் கூட்டிச்சு. மீதியை நான்தான் குறைச்சேன். யாருக்காகக் குறைச்சேனோ அவிய குறைக்கச் சொல்லவே இல்ல.

வரும்போது அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு வா. அப்பா கண்ணுல பட வேண்டாம்.

இன்னொண்ணு. இப்ப நான் கம்பந்தட்டை மாதிரி இருக்கேன். முடி பாதி கொட்டிட்டு. பார்த்ததும் அழுதுறாதே. ஏதாவது கேலி பண்ணு. இந்த வீட்ல தையிலேருந்து ஒருத்தரும் சிரிக்கல.

உன் அக்கா,
வேணி


விடுதி
28.03.2025

அக்கா,

எனக்கு முந்தி இது வந்து சேர்ந்துரும்னு நினைக்கேன்.

கேலி பண்ணச் சொன்னே. உக்காந்து எழுதிப் பார்த்தேன். கம்பந்தட்டையை வெச்சு ஒண்ணு வந்துச்சு. மொட்டைக்கு ஒண்ணு வந்துச்சு. அடிச்சுட்டேன். தையல்னா பொண்ணுன்னும் ஒரு அர்த்தம் இருக்குன்னு தமிழம்மா சொல்லியிருக்காங்க, அதை வெச்சு ஒண்ணு ஆரம்பிச்சேன். அந்த வார்த்தை என்னையே தைக்குது. விட்டுட்டேன்.

நீ ஆஸ்பத்திரியில கிடந்து வந்த வாரம் நான் உனக்கு ஆமை வரைஞ்சேன். குஞ்சத்தைப் பிடிச்சு இழுப்பேன்னு எழுதினேன். ஆறு பூரி தின்னேன்.

முதல் நாள் பரிட்சையிலிருந்து கடைசி நாள் வரைக்கும் அந்தத் துண்டு ஜாமெட்ரி பாக்ஸ்லதான் கிடந்துச்சு. ராசியான துண்டுன்னு ஒவ்வொரு நாளும் தொட்டுட்டுப் போனேன்.

கழுகுமலைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அத்தானுக்கு. எல்லாத்தையும் எழுதி, கவர்ல கூட போட்டுட்டேன். அப்புறம் ஓட்டப்பிடாரத்துப் பொண்ணை நினைச்சேன். அவளும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் டேப் பிடிச்சிருப்பா. கிழிச்சுட்டேன்.

ஆனா துண்டைத் தூக்கிப் போட மாட்டேன். அதுல மட்டும் உன் பேச்சைக் கேக்க மாட்டேன். புதன்கிழமை பஸ்ல ஜன்னல் ஓரம் அப்பாவை உக்கார வெச்சு, அதை அவிய கையில குடுத்து, முதல்லேருந்து சொல்லுவேன். அடிச்சா வாங்கிக்கிடுவேன். பேசாம ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தாவன்னா அதையும் வாங்கிக்கிடுவேன். நம்ம ஸ்டாப் வாரதுக்குள்ள சொல்லிருவேன். எப்போதும்வென்றான்னு போர்டு போட்ட இடத்துல நான் தோத்துப் போயி இறங்கப் போறேன். வேற ஊரு எனக்குக் கிடையாது.

வார்டன் மேடம்ட்ட இதை நீட்டினேன். உன்னோடதை அவங்க முன்னாடியே படிச்சிருக்காங்கல்ல. "ஒட்டியே குடு"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

ஒவ்வொரு கடிதத்துலயும் என் நலத்தை எழுதினேன். முதல் கடிதத்துல நலமறிய ஆவல்னு எழுத வந்து அவல்னு எழுதினேன். சிரிப்புக்குத்தான் எழுதினேன், நெசமா ஒரு தடவை கூடக் கேட்டது இல்ல.

நலமா அக்கா? வாசல்ல வந்து நிக்க வேண்டாம். உள்ளேயே இரு. நான் வந்து கேக்கேன். நெசமான பதில் சொல்லு.

மாரி